ஒரே சாவியில் திறந்த இரண்டு பூட்டுகள்: எபிபென் நீல மூடியும் ஒரு மறுபயன்பாட்டு ஊசிக்கருவியும்

2020 மார்ச் 24ஆம் தேதி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. உலகம் முழுக்க கொரோனா பேச்சாக இருந்த வாரம் அது. அதனால் அந்த அறிவிப்பு அதிகம் பேர் கண்ணில் படவில்லை. விஷயம் இதுதான்: கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கு அட்ரினலின் செலுத்தும், பேனா வடிவ எபிபென் கருவியின் நீல மூடியைப் பக்கவாட்டில் தள்ளிக் கழற்றினால், தொடையில் வைப்பதற்கு முன்பே ஊசி பாய்ந்துவிடக்கூடும். சில பேனாக்களில் அந்த நீல மூடி கொஞ்சம் மேலே எழும்பி நிற்கிறது, அவையும் முந்திக்கொள்ளலாம். வேறு சில, பிளாஸ்டிக் உறைக்குழாயைவிட்டு எளிதில் வெளியே வருவதில்லை. பயன்படுத்துபவர் செய்யும் தவறுகளையும் அறிவிப்பு சேர்த்தே சொன்னது.

பேனாக்களைத் திரும்பப் பெறவில்லை. கொடுப்பதற்கு முன் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மருந்தாளுநர் பார்க்க வேண்டும், இன்னொரு கையால் மூடியை நேராக மேலே இழுக்க வேண்டும், கட்டைவிரலால் தட்டிவிடக் கூடாது. அவ்வளவுதான் அறிவுரை.

நான் மருத்துவக் கருவிகளின் இயந்திரப் பகுதிகளை வடிவமைப்பவன். மறுபடி மறுபடி பயன்படுத்தும் ஆட்டோ இன்ஜெக்டர் (ஸ்பிரிங் விசையால் தானே ஊசி செலுத்தும் கருவி) ஒன்றின் ட்ரிக்கர், அதாவது ஸ்பிரிங்கை விடுவிக்கும் பொறி, வேலை கையில் இருந்த காலத்தில்தான் இந்த அறிவிப்பை எழுத்தெண்ணிப் படித்தேன். எபிபென் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பேனா. எங்களுடையது வருடக்கணக்கில் உழைக்க வேண்டியது. இருந்தாலும் அந்த நீல மூடி செய்த தவறை எங்கள் மேசையிலேயே, வேறு உருவத்தில், நாங்களும் செய்து வைத்திருந்தோம். அதனால் இந்த ஆய்வு இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது.

பேனாவின் உள்ளே

எபிபென்னின் மூலம் ராணுவத்தில் இருக்கிறது. மேரிலாந்து மாநிலத்தின் பெத்தஸ்டாவில் இருந்த சர்வைவல் டெக்னாலஜி என்ற நிறுவனத்தில் ஷெல்டன் கப்லானும் அவருடன் இருந்தவர்களும் நரம்பு நச்சுக்கு மாற்றுமருந்து செலுத்தும் கருவியை உருவாக்கினார்கள். போர்க்களத்தில், கையுறையோடு, உடைக்கு மேலேயே குத்திக்கொள்ளும்படியான கருவி. அதே அமைப்பு அட்ரினலினுக்கு மாறி 1987 டிசம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது. வடிவமைப்பின் குணம் அப்படியே தொடர்ந்தது: பொத்தான் கிடையாது, தேட வேண்டியது எதுவும் இல்லை. தொடையில் ஓங்கி அழுத்தினால் போதும்.

காலாவதியான ஒரு பேனாவை ஆரஞ்சுப் பழத்தில் குத்திவிட்டு, குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே முதலில் கண்ணை இழுப்பது ஸ்பிரிங்தான். பேனா அளவுக்குப் பொருந்தாத முரட்டு ஸ்பிரிங். மருந்துக்குழலில் இன்னும் நிறைய திரவம் மிச்சம். அது பழுதல்ல. பேனாவில் இருப்பது 2 மில்லிலிட்டர், செலுத்துவது 0.3 மில்லிலிட்டர் மட்டும், மீதி 1.7 மில்லிலிட்டர் உள்ளேயே தங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். தெரியாதவர்கள் அதைப் பார்த்து ஊசி வேலை செய்யவில்லை என்று பதறுவார்கள்.

நமக்கு வேண்டியது ஸ்பிரிங்கின் தலைப்பக்கம். அங்கே நுனியில் பிளந்த ஒரு கவ்வு இருக்கிறது. அதன் விரல்களின் நுனி கூம்பு போலக் கொஞ்சம் தடித்திருக்கும். அந்தத் தடிப்பு ஒரு துளையின் விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்பதால்தான் ஸ்பிரிங் சுருங்கிய நிலையில் இருக்கிறது. விரல்கள் ஒன்றையொன்று நெருங்கினால் தடிப்பு துளைக்குள் நழுவிவிடும், ஸ்பிரிங் பாயும். பேனாவைத் தொடையில் அழுத்தும்போது உள்ளே நடப்பது இதுதான்: உள்குழாய் பின்னால் நகர்கிறது, சரிவான ஒரு விளிம்பு அந்த விரல்களை நாலாபுறமும் நெருக்குகிறது.

நீல மூடியின் அடியில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அது விரல்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து, அவை நெருங்கவிடாமல் தடுக்கிறது. கதவிடுக்கில் கட்டையைச் செருகி வைப்பது மாதிரி. மூடியை எடுத்தால் கட்டை போய்விடும், கருவி தயார்.

எளிமையான வேலை. பெரும்பாலும் ஒழுங்காகவும் நடந்திருக்கிறது. ஆனால் இந்தப் பூட்டு எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். ஸ்பிரிங்கின் முழு பலத்தையும் தாங்கும் அதே விரல்களைத்தான் தொட்டுக்கொண்டு நிற்கிறது. முள் நேராக மேலே வந்தால் விரல்களுக்கு எதுவும் தெரியாது. மூடியைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாக நெம்பினால், முள் சாய்ந்தபடி வெளியே வரும். வரும் வழியில் ஒரு விரலைத் தள்ளும். மாட்டியிருக்கும் விளிம்போ மில்லிமீட்டர் கணக்கில்கூட இல்லை, அதைவிடக் குறைவு. மூடி எழும்பி நிற்கும் பேனாவின் கதையும் அதே கதையின் இன்னொரு பக்கம்: முள் ஆழமாக இறங்கவில்லை, விரல்களுக்கு அசைய இடம் இருக்கிறது. எஃப்.டி.ஏ. சொன்னது பக்கவாட்டு விசை, எழும்பிய மூடி என்ற இரண்டை மட்டும்தான். முள் சாய்ந்து விரலைத் தள்ளுகிறது என்பது அறுத்த பேனாவைப் பார்த்து நான் சொல்லும் விளக்கம்.

அந்த அறிவுரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். மூச்சுத் திணறும் குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கும் தாய்க்கு மிச்சம் ஒரு கைதான். பேனாவை உள்ளங்கையில் பிடித்தால் கட்டைவிரல் போய் நிற்கும் இடம் சரியாக நீல மூடி. லைட்டர் பற்றவைப்பது போல அதைத் தட்டிவிடத்தான் கை போகும். கை இயல்பாகச் செய்யும் ஒன்றை ‘செய்யாதீர்கள்’ என்று தாளில் அச்சடித்து உள்ளே வைப்பது வடிவமைப்பு ஆகாது. வடிவமைப்பாளர் முடிக்காமல் விட்ட வேலை அது.

எந்தப் பக்கம் ஊசி?

இதற்கு முந்தைய தலைமுறை எபிபென்னில் மூடி சாம்பல் நிறம், ஊசி வரும் முனை கறுப்பு. பொத்தான் போலத் தெரிந்த கறுப்பு முனையில் கட்டைவிரலை வைத்துத் தொடையில் தலைகீழாகக் குத்தியவர்கள் ஏராளம். மருந்து விரலுக்குள் போய்விடும். விரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி வெளுத்துவிடும். நோயாளிக்கு மருந்தே இல்லை. 1994 முதல் 2007 வரை அட்ரினலின் ஆட்டோ இன்ஜெக்டர்களால் தவறுதலாக ஊசி ஏறியதாக அமெரிக்க நச்சுக் கட்டுப்பாட்டு மையங்களுக்கு வந்த தகவல்கள் மட்டும் 15,190. தாமாகத் தெரிவித்தவர்களின் கணக்கு இது.

அதன் பிறகுதான் நீலமும் ஆரஞ்சும் வந்தன. நீலம் வானத்தைப் பார்க்க, ஆரஞ்சு தொடையைப் பார்க்க என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். ஊசி வெளியே வந்த பிறகு ஆரஞ்சு உறை நீண்டு அதை மூடிக்கொள்ளும் வசதியும் சேர்ந்தது. நல்ல மாற்றம். ஆனால் மேல்பக்கம் பளிச்சென்று ஒரு நீல மூடி வந்ததும், அதை எப்படிக் கழற்றுவார்கள் என்ற கேள்வி முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

பாயாமல் போவதும் பழுதுதான்

ட்ரிக்கர் என்று எடுத்துக்கொண்டாலே இரண்டு வாக்குறுதிகள்: கேட்காதபோது பாயமாட்டேன், கேட்டபோது பாய்ந்தே தீருவேன். ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும். 2017 செப்டம்பரில் எபிபென்னைத் தயாரித்த மெரிடியன் மெடிக்கல் டெக்னாலஜீஸ் நிறுவனத்துக்கு எஃப்.டி.ஏ. அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம் இரண்டாவது வாக்குறுதியைப் பற்றியது. உயிர் போகும் நேரத்தில் பேனா வேலை செய்யவில்லை என்று நூற்றுக்கணக்கான புகார்கள் நிறுவனத்துக்கே வந்திருந்தன, அவற்றில் சிலவற்றில் நோயாளி பின்னர் இறந்திருந்தார், ஆனாலும் காரணத்தை நிறுவனம் முழுமையாக ஆராயவில்லை என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

2020 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. ஒரு வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது. அவசரகால ஊசிக்கருவிகளுக்கு 99.999 சதவீத நம்பகத்தன்மை, அதையும் 95 சதவீத நிச்சயத்தோடு காட்ட வேண்டும் என்றது. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள்: வெறும் சோதனையால் மட்டும் இதை நிரூபிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 3 லட்சம் பேனாக்களை இயக்கிப் பார்க்க வேண்டும், அதில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். ஒவ்வொரு உதிரியும் எப்படியெல்லாம் தவறலாம் என்று கிளை கிளையாக வரைந்து, ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் அந்த எண்ணை எட்ட முடியும்.

ஐரோப்பாவில் எமரேட் என்று ஓர் அட்ரினலின் பேனா விற்பனைக்கு வந்தது. அதில் மூடி, ஊசி, ட்ரிக்கர் எல்லாம் ஒரே முனையில். மூடியை எடுத்துவிட்டுத் தொடையில் அழுத்தினால் ஊசியின் உறை உள்ளே போகும், ஊசி பாயும். மேல்பக்கம் தொட எதுவுமே இல்லாததால் எந்தப் பக்கம் என்ற குழப்பம் இங்கே குறைவு. காகிதத்தில் பார்த்தால் எபிபென்னைவிடத் தெளிவான வடிவமைப்பு என்றுதான் நான் சொல்வேன். ஆனால் சில பேனாக்களை இயக்க வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தேவைப்பட்டதால், அல்லது அவை இயங்கவே இல்லாததால், 2020இல் பிரிட்டனில் நோயாளிகளின் கையில் இருந்தவை வரை திரும்பப் பெறப்பட்டன. மீண்டும் சந்தைக்கு வந்தது. 2023 மே மாதம் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ. மறுபடியும் திரும்பப் பெறச் சொன்னது. இந்த முறை காரணம் ஊசிக்கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 11608 தரப்படி செய்த ஒரு சோதனை: 1 மீட்டர் உயரத்திலிருந்து விழவைத்த பேனாக்களில் சில இயங்க மறுத்தன, சில தாமாக முந்திப் பாய்ந்தன.

ஒரே சோதனையில் இரண்டு விதப் பழுதும். ட்ரிக்கர் வேலை செய்தவர்களுக்கு அந்த அறிவிப்பு வயிற்றைக் கலக்கும்.

எங்கள் மேசை

இனி நாங்கள் செய்த கருவி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சிறிய இடம், வடிவமைப்பு அறையில் நான்கு பேர். நோயாளி தன் வீட்டில் வாரம் ஒருமுறை மருந்து நிரப்பிய சிரிஞ்சைக் கருவிக்குள் வைத்து, ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டி, வயிற்றிலோ தொடையிலோ வைத்துச் செலுத்திக்கொள்ள வேண்டும். முடிந்ததும் காலி சிரிஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வாரம் அதே கருவி. இப்படிப்பட்டவை புதியவை அல்ல. பிரிட்டனின் ஓவன் மம்ஃபர்ட் செய்யும் ஆட்டோஜெக்ட் 2 நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது; தோலில் அழுத்தினால்தான் அதன் பொத்தானை இயக்க முடியும்.

அவசரகாலப் பேனாவோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு பெரிய சௌகரியம் உண்டு. எபிபென் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போதே ஸ்பிரிங் சுருங்கிய நிலையில் இருக்கிறது. கைப்பையில், கார் டாஷ்போர்டில், பள்ளி அலமாரியில் மாதக்கணக்கில் அந்தப் பாரத்தைச் சுமந்தபடியே காத்திருக்கும். பிளாஸ்டிக் தொடர்ந்து பாரம் சுமந்தால் மெல்ல மெல்ல வளைந்து கொடுக்கும். வெயிலில் இன்னும் வேகமாக. எங்கள் கருவியோ தளர்ந்த நிலையில் தூங்கும், ஊசி போடும் இரண்டு நிமிடம் மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். அவசரமும் இல்லை. நோயாளி உட்கார்ந்து, நிதானமாக இரண்டு படிகளில் செய்யலாம். ஆகவே பொத்தான் வைக்கலாம், பூட்டு வைக்கலாம்.

இதற்குக் கொடுக்கும் விலை தேய்மானம். வாரம் ஒன்று என்றால் மூன்று வருடத்தில் 150க்கு மேல். தினமும் போட வேண்டிய மருந்தென்றால் இரண்டே வருடத்தில் 730. ஒவ்வொரு முறையும் அந்தச் சிறிய விளிம்பு முழு பாரத்தோடு உரசிக்கொண்டுதான் விடுபடுகிறது. எங்கள் முதல் மாதிரியில் ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் கொக்கி அசிட்டால் பிளாஸ்டிக்கில் இருந்தது. 600 முறை இயக்கிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, கூர்மையாக இருந்த மூலை மழுங்கி, நாக்கு பட்டுக் கரைந்த மிட்டாய் போலப் பளபளத்தது. பொத்தானை அழுத்தத் தேவையான விசையும் குறைந்துகொண்டே வந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், இன்னொரு கருவியில் விசை கூடியிருந்தது. சோதனைக்கு வைத்த சிரிஞ்சிலிருந்து ஒழுகிய திரவம் கொக்கியின் மேல் காய்ந்து பசையாகிவிட்டது. ஒரே வடிவமைப்பு, வயதானபோது ஒன்று அவசரக்காரன் ஆகிவிட்டது, மற்றொன்று பிடிவாதக்காரன். கொக்கியின் முனைக்கு எஃகுத் தகடு வைத்தோம். தாங்கும் முகத்தின் கோணத்தையும் மாற்றி, பாரம் கூடினால் கொக்கி இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும்படி கொஞ்சம் சாய்த்தோம். சிரிஞ்சுக்கும் பொறிக்கும் நடுவே ஒரு தடுப்புச்சுவர் வந்தது. அந்தப் பிரச்சினை அத்தோடு முடிந்தது.

பாதுகாப்புக்கு இரண்டு பூட்டு. கருவியின் மூக்கில் ஒரு நகரும் உறை. தோலில் அழுத்தினால் 5 மில்லிமீட்டர் உள்ளே போகும், அப்போதுதான் பொத்தானுக்கு வழி திறக்கும். பொத்தான் பின்முனையில், பேனா கிளிக் செய்வது போலக் கட்டைவிரலுக்கு. வெறும் பொத்தானை அழுத்தினால் நகராது. வெறும் உறையை அழுத்தினாலும் எதுவும் நடக்காது.

வரிசையையும் யோசித்திருந்தோம். ஒருவர் முதலிலேயே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கருவியைத் தோலுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? இரண்டு நிபந்தனையும் நிறைவேறியதா என்று மட்டும் பார்க்கும் பொறியாக இருந்தால், உறை தோலைத் தொட்டு நகர்ந்த அந்தக் கணமே பாய்ந்துவிடும். கருவி சரியாக உட்கார்வதற்கு முன்பே, ஊசி சாய்ந்து இறங்கும். கை நடுங்குபவர்களுக்கு இது கற்பனை இல்லை. அதனால் பொத்தான் முன்பே அழுத்தப்பட்டிருந்தால் உறையே நகராதபடி ஒரு குறுக்குத்தண்டு வைத்தோம். முதலில் உறை, பிறகு பொத்தான். மாற்றிச் செய்தால் கருவி அப்படியே நிற்கும். எங்களுக்கு அந்தத் தண்டின் மேல் ரொம்பப் பெருமை.

அப்புறம் விழவைக்கும் சோதனை. 1 மீட்டர் உயரம், கெட்டியான தரை. படுக்கைவாக்கில் விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. பின்முனை கீழாக விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. மூக்கு கீழாக விட்டோம். டக் என்று விழுந்த சத்தமும் டப் என்று பாய்ந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. சிரிஞ்சில் தண்ணீர்தான் வைத்திருந்தோம். தரையில் ஒரு சின்ன ஈரக்கோடு.

முதலில் யாரும் நம்பவில்லை. கொக்கி உடைந்திருக்கும் என்று திறந்து பார்த்தால் எல்லாம் முழுசாக இருந்தது. மறுபடி விட்டோம். சில முறை பாய்ந்தது, சில முறை பாயவில்லை. பிறகு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, விழும் கருவியை நொடியின் சிறு துண்டுகளாக யோசித்தோம். மூக்கின் உறைதான் முதலில் தரையைத் தொடுகிறது. உறை நின்றுவிடுகிறது, உடல் தொடர்ந்து இறங்குகிறது. அதாவது உறை உள்ளே போகிறது. முதல் பூட்டு திறந்தாயிற்று. 5 மில்லிமீட்டர் முடிந்ததும் உடலும் சட்டென்று நிற்கிறது. ஆனால் பின்முனையில் இருக்கும் பொத்தான் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்பவர் முன்னால் சாய்வது போல அது கீழ்நோக்கித் தொடர்கிறது. பொத்தானுக்குக் கீழ்நோக்கி என்றால் அழுத்தப்படும் திசை. இரண்டாவது பூட்டும் திறந்தது. வரிசைகூடத் தப்பவில்லை: முதலில் உறை, பிறகு பொத்தான். பயிற்சி எடுத்த நோயாளியைவிடத் தரை ஒழுங்காக நடந்துகொண்டது. எங்கள் குறுக்குத்தண்டு மரியாதையாக வழிவிட்டு நின்றது.

கணக்கு இன்னும் கசப்பாக இருந்தது. பொத்தானும் அதோடு நகரும் தண்டும் சேர்ந்து 4 கிராம். 1 மீட்டர் விழும்போது அது சேர்த்துக்கொள்ளும் ஆற்றல் ஏறக்குறைய 0.04 ஜூல். பொத்தானை 10 நியூட்டன் விசையில் 3 மில்லிமீட்டர் அழுத்தத் தேவை 0.03 ஜூல். விழுந்த பொத்தானிடம் தேவைக்கு மேலேயே காசு இருந்தது. கருவி கொஞ்சம் சாய்ந்து விழுந்தால் உராய்வில் அந்த மிச்சம் செலவாகிவிடும், பாயாது. சில முறை பாய்ந்ததற்கும் சில முறை பாயாததற்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

படுக்கைவாக்குச் சோதனையையும் பின்முனைச் சோதனையையும் மட்டும் செய்து திருப்தியடைந்திருந்தால்? அல்லது மூக்கு கீழாக விட்ட முதல் தடவை அது பாயாத ரகமாக இருந்திருந்தால்? அந்த இரண்டு கேள்விகளும் எனக்கு இன்னும் பிடிக்காதவை.

எபிபென் அறிவிப்பை நான் மறுபடி எடுத்துப் படித்தது அந்த வாரம்தான். அங்கே பூட்டும் ட்ரிக்கரும் ஒரே விரல்களில் சந்திக்கின்றன. பூட்டை எடுக்கும் கையசைவே ட்ரிக்கரை அசைத்துவிடுகிறது. எங்கள் கருவியில் இரண்டு பூட்டும் வெவ்வேறு உதிரிகள், வெவ்வேறு முனைகள், வரைபடத்தில் வெவ்வேறு நிறங்கள். ஆனால் இரண்டும் ஒரே திசையில் திறக்கின்றன. ஒரு தள்ளல் போதும். ஆபத்துப் பட்டியலில் ‘இரண்டு சுயேச்சையான பூட்டுகள்’ என்று எழுதி, இரண்டும் ஒரே நேரத்தில் தவறும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று பெருக்கி வைத்திருந்தோம். சுயேச்சை என்ற சொல்லை யாரும் சோதிக்கவில்லை.

திருப்பிய பொத்தான்

முதலில் எல்லாருக்கும் தோன்றியது பொத்தானின் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவது. 15 நியூட்டன் ஆக்கினால் தேவை 0.045 ஜூல் ஆகிவிடும், விழுந்தாலும் பாயாது. ஆனால் கருவியை எடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முடக்குவாதம் உள்ளவர்கள். காலையில் சட்டைப் பொத்தானைப் போடவே சிரமப்படும் விரல்களிடம் கூடுதலாக 5 நியூட்டன் கேட்பது, பழுதை ஒரு வாக்குறுதியிலிருந்து இன்னொரு வாக்குறுதிக்கு நகர்த்துவதுதான். எமரேட் கதையின் முதல் பாதி அது.

மின்னணுவுக்குப் போகலாம் என்றும் பேச்சு வந்தது. மெர்க் செரோனோவின் ரெபிஸ்மார்ட், எட்டனெர்செப்ட் என்ற முடக்குவாத மருந்துக்கு வந்த ஆட்டோடச் போன்ற மறுபயன்பாட்டுக் கருவிகள் தோல் தொடுவதை சென்சாரால் உணர்கின்றன; தரை தோல் இல்லை என்று சென்சாருக்குச் சொல்லிக்கொடுக்கலாம், பூட்டுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. உண்மைதான். ஆனால் பேட்டரி, மென்பொருள், விலை என்று அது வேறு திட்டமாகிவிடும். எங்கள் பணத்துக்கு அது கட்டாது.

கடைசியில் பொத்தானைப் பின்முனையிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் வைத்தோம். உறை கருவியின் நீளவாக்கில் நகரும். பொத்தான் அதற்குக் குறுக்கே நகரும். மூக்கு கீழாக விழுந்தால் உறை திறக்கும், பொத்தானுக்கு அந்த அதிர்ச்சி குறுக்குத்திசை, அழுத்தப்படாது. பக்கவாட்டில் விழுந்தால் பொத்தான் அசையப் பார்க்கும், ஆனால் உறை நீண்டே இருப்பதால் பூட்டு பிடித்துக்கொள்ளும். சாய்ந்து மூலையில் விழுவதுதான் மிச்சமிருந்த சந்தேகம். அதற்காகப் பொத்தானின் உள்பகுதியைக் குடைந்து, நகரும் எடையை 4 கிராமிலிருந்து ஒன்றரை கிராமுக்குக் கொண்டுவந்தோம். 1 மீட்டரில் 0.015 ஜூல். முழுவதும் பொத்தானின் திசையிலேயே விழுந்தாலும் தேவையில் பாதிதான். 15 டிகிரிக்கு ஒரு நிலை என்று கருவியைச் சாய்த்துச் சாய்த்து விழவைத்தோம். அந்த வேலை செய்த பையன் இரண்டு நாள் குனிந்து நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டான். எதுவும் பாயவில்லை.

கூடவே ஒரு சின்ன லாபமும் கிடைத்தது. பின்முனையில் பொத்தான் இல்லாததால், தலைகீழாகப் பிடித்துக் கட்டைவிரலை ஊசிப் பக்கம் வைக்கும் தூண்டுதலே இல்லாமல் போயிற்று. இரண்டு முனையும் பார்ப்பதற்கு வேறுவேறாக இருந்தன, அழுத்தும் இடம் இரண்டிலும் இல்லை.

சிரிஞ்ச் இல்லாமல் இயக்கினால் என்ன ஆகும் என்பதும் அதே சமயம் கவனத்துக்கு வந்தது. மருந்து உள்ளே இருந்தால் ஸ்பிரிங்கின் வேகத்தைத் திரவம் தாங்கி மெதுவாக்கும். காலியாக இயக்கினால் உந்துதண்டு முழு வேகத்தில் முன்னால் போய் மோதும். சில தடவையிலேயே தாங்கும் விளிம்பு விரிசல் விடும். குழந்தைகள் கையில் கிடைத்தால் டக் டக் என்று விளையாடத்தான் செய்வார்கள். சிரிஞ்ச் உள்ளே இல்லையென்றால் ஸ்பிரிங்கையே இழுத்துப் பூட்ட முடியாதபடி ஒரு நாக்கு வைத்துவிட்டோம். அது அரை நாள் வேலை.

பக்கவாட்டுப் பொத்தானை முதலில் எடுத்துப் பார்த்தவர் எங்கள் சோதனைக்கு வந்த ஓர் அம்மா, அறுபது தாண்டியவர், இரண்டு கைவிரல் மூட்டுகளும் வீங்கியிருந்தன. கருவியைப் பஞ்சுத் தலையணையில் வைத்து அழுத்தினார். உறை உள்ளே போயிற்று. பிறகு பொத்தானைத் தேடினார். கட்டைவிரலுக்கென்று நாங்கள் வைத்த இடத்துக்கு அவர் கட்டைவிரல் வளையவில்லை. கருவியைக் கொஞ்சம் சுழற்றி, நடுவிரலால் தன் பக்கம் இழுப்பது போல அழுத்தினார். பாய்ந்தது.

“இந்தக் குமிழை இன்னும் கொஞ்சம் கீழே வச்சிருக்கலாம் இல்ல தம்பி?” என்றார்.

அளந்து பார்த்தோம். அடுத்த மாதிரியில் பொத்தான் 6 மில்லிமீட்டர் கீழே இறங்கியது. அதன் கீழ் விளிம்பை இப்போது உறையின் பள்ளம் தொட்டதால், குறுக்குத்தண்டை மறுபடி வரைய வேண்டியிருந்தது.